அருகிருந்து காப்போர்

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு. மதீனமாநகரைக் காக்க முஸ்லிம்கள் அகழ் வெட்டி நின்ற நேரம். எதிரி எய்த அம்பொன்று அன்ஸாரிகளின் தலைவர்களுள் ஒருவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையிற் பாய்ந்து இரத்த நாளத்தைத் துளைத்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டிற்குத் தூக்கிச் செல்லுங்கள் என்று கூறவில்லை. பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரத்தில் அவரைக் கிடத்துமாறு பணித்தார்கள். காயமுற்றோருக்கு மருத்துவம் செய்வதைத் தம் பணியாக ஏற்றிருந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பொறுப்பில் அவர் விடப்பட்டார். அருகிலிருந்து அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது பெருமானார் அவர்கள் அவரை நலம் விசாரித்தார்கள்.

ஆயினும் ஸஅத் (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை. ஆறி வந்த புண் மீண்டும் திறந்து குருதி பெருகியது, ஆவி பிரிந்தது. அவருடைய மறைவால் அர்ஷே அசைந்தது என்று அண்ணலார் அறிவித்தார்கள்.

அன்பு வாசகர்களே! இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. உயிருக்குப் போராடுபவரைக் கண்ணுக்கெட்டும் தொலைவில் வைத்து இடைவிடாது கவனிப்பது நபிவழி என்பது ஒன்று. அவ்வாறு கவனித்த பின்னரும் உயிர் பிரியுமானால் அந்தப் பணி வீணாகிவிடுவதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேர நெஞ்சில் நிறுத்த வேண்டிய இடம் ஒன்று இன்று நம் ஒவ்வொரு ஊர் மருத்துவமனையிலும் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று அதற்குப் பெயர்.

ஒரு மகனின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். பள்ளிவாசற் படியில் ஓர் இளைஞர் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஹஜ்ரத்! அத்தா பன்னிரண்டு நாளாக ஐ.சி.யு.வில் இருக்கிறார். நுரையீரலும் சிறுநீரகமும் செயலற்றுப் போய்விட்டன, இனி மருந்து கேட்காது என்கிறார் டாக்டர். செயற்கைச் சுவாசக் கருவியை எடுத்துவிடலாமா என்று எங்களிடம் கேட்கிறார். நான் சரி என்று சொன்னால், பெற்ற தகப்பனைக் கொன்றவன் ஆகிவிடுவேனா?" என்று கேட்டார்.

உடனே பதில் கூற எனக்கு நா எழவில்லை. ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிய எனக்கு அந்த அறை எத்தகையது, அங்கே நடப்பது என்ன என்பது அன்று சரியாகத் தெரியாது. ஒரு பொருளின் உண்மை நிலையை அறியாமல் அதைப் பற்றித் தீர்ப்புரைக்கலாகாது என்பது நம் முன்னோர்கள் வகுத்த விதி. ஆகவே அந்த இளைஞருடன் மருத்துவமனைக்குச் சென்றேன். அன்றிலிருந்து இந்தத் துறையைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

கோபன்ஹேகனில் நடந்தது

இத்துறை பிறந்த கதை வியப்புக்குரியது. 1952-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரை கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். பலருக்கு மூச்சுவிடும் தசைகள் முடங்கிப்போயின. அவர்களுக்குச் சுவாசம் தர அங்கே இருந்தவை ஏழே ஏழு கருவிகள். முதலிற் சேர்க்கப்பட்ட அத்தகைய 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் மாண்டனர்.

தலைமை மருத்துவர் லாஸன் செய்வதறியாது தவித்தார். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரான பியோர்ன் இப்சன் என்பவரை ஆலோசனைக்கு அழைத்தார்கள். மூளையை நோய்க்கிருமி தாக்குவதால்தான் குழந்தைகள் இறக்கிறார்கள் என்று மற்றவர்கள் எண்ணியிருக்க, மூச்சு முழுமையாக வெளியேறாமல் உடலில் கரியமில வாயு தேங்குவதே காரணம் என்று இப்சன் கண்டுகொண்டார். ஆகஸ்டு 27-ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சாகும் தறுவாயில் இருந்தாள். அவளுடைய கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழலில் ரப்பர் குழாயைச் செலுத்தி, அதனுடன் இணைத்த பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றூட்டினார். பார்த்திருந்த மருத்துவர்களிற் சிலர் நம்பிக்கையிழந்து வெளியேறிய பின்னும் அவர் கைவிடவில்லை. சிறுமி பிழைத்தாள், பல்லாண்டுகள் வாழ்ந்தாள்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் பையை அழுத்தக் கைகள் வேண்டுமே! மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பல்மருத்துவ மாணவர்களும் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்தனர். ஒவ்வொரு குழந்தையின் தலைமாட்டிலும் ஒருவர் அமர்ந்து, இரவென்றும் பகலென்றும் பாராது பையை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை இவ்வாறு பிறர் கைகளால் மூச்சுவிட்டனர். மொத்தம் 1,65,000 மணி நேரம் அந்தக் கைகள் உழைத்தன. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டு, 1953 டிசம்பரில், கோபன்ஹேகனின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று மருத்துவ வரலாறு குறிப்பிடுவது அதனையே.

சிந்தியுங்கள்! இந்தப் பிரிவைப் பிறப்பித்தது கருவி அன்று. கருவி போதாதபோது நீண்ட மனிதக் கரமே அதைப் பிறப்பித்தது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்று திருமறையின் 5-ஆம் அத்தியாயம் உணர்த்தும் உண்மைக்கு அந்த மாணவர்களின் கைகள் சான்று கூறவில்லையா?

ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் அறிவு

இத்துறை வல்லுநர்களிடம் நான் கண்ட பெருஞ்சிறப்பு, தம் தவற்றைத் தாமே தேடிக் கண்டு திருத்திக்கொள்ளும் பண்பாகும்.

நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கருவியின் வாயிலாக நிறையக் காற்றைச் செலுத்துவதே நல்லது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 861 நோயாளிகளிடம் இதனைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு சாராருக்கு உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதமும், மற்றொரு சாராருக்கு அதிற் பாதியாகிய 6 மில்லிலிட்டர் வீதமும் காற்று தரப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. நிறையக் காற்றுப் பெற்றவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் இறந்தனர்; குறைவாகப் பெற்றவர்களில் 31 பேரே இறந்தனர். உயிர் காக்கும் மூச்சேயானாலும் அளவு மீறினால் நுரையீரலைப் புண்ணாக்கும் என்பது தெளிவாயிற்று. எதிலும் நடுநிலை பேணுமாறு போதிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

மற்றொன்று கேளுங்கள். இப்பிரிவு நோயாளிகளுக்கு மருந்தேற்ற, பெரிய இரத்த நாளத்தில் குழாய் செருகுவார்கள். அந்தக் குழாய் வழியே கிருமி புகுந்து உயிரைக் குடிப்பதுண்டு. பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் ஐந்தே ஐந்து எளிய விதிகளை எழுதி வைத்தார். கையைக் கழுவுதல், நோயாளியைத் தூய துணியால் முழுவதும் போர்த்தி மருத்துவரும் முகமூடி, கையுறை அணிதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை அகற்றுதல் என்பவையே அவை. மருத்துவர் ஒன்றை விட்டுவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு மாதங்களில் குழாய் வழித் தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கழுவிய கையே காத்தது. நாளுக்கு ஐந்து முறை உளூச் செய்யும் சமுதாயம், நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது வாயிலிற் கை கழுவச் சொன்னால் முகம் சுளிக்கலாமா?

செவிலியரின் பணி

மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார். நாழிகைதோறும் உடனிருப்பவர் செவிலியரே. அந்த இரவில் நான் அதைக் கண்ணாரக் கண்டேன். நாடித் துடிப்பையும், இரத்த அழுத்தத்தையும், பிராணவாயுவின் அளவையும் குறித்துக்கொண்டே இருந்தார் ஓர் இளம்பெண். சுயநினைவற்றுக் கிடந்த பெரியவரின் வாயைத் துடைத்தார். கண்ணிமைகள் உலராதபடி மருந்திட்டார். தலைப்புறம் தாழாமல் உயர்த்தி வைத்தார். தோழி ஒருத்தியின் துணையோடு அவரை வலப்புறமிருந்து இடப்புறம் திருப்பிப் படுக்க வைத்தார். "ஐயா, உங்களைத் திருப்பப் போகிறோம்" என்று, பதில் சொல்ல இயலாத அவரிடம் சொல்லிவிட்டே திருப்பினார்.

ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்டேன். அசைவற்றுக் கிடப்பவரின் உடல் ஒரே பக்கம் அழுந்தினால் படுக்கைப் புண் உண்டாகும், சதை அழுகும், ஆகவே இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை திருப்புகிறோம் என்றார். என் உள்ளம் சிலிர்த்தது. ஜும்ஆ நாளில் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயம் நினைவுக்கு வந்தது. குகையில் நெடுந்துயில் கொண்ட அந்த இளைஞர்களை இறைவன் வலமாகவும் இடமாகவும் புரட்டிக்கொண்டிருந்ததாக அதில் வருகிறதல்லவா? அவர்களின் உடலை மண் அரித்துவிடாதிருக்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தந்துள்ளனர். வாரந்தோறும் ஓதிவந்த ஒரு வசனத்தின் பொருளை, அதை ஓதியறியாத ஒரு செவிலிப் பெண் எனக்குச் செய்து காட்டினார்.

வட ஐரோப்பிய நாடுகளின் செவிலியர் தொடங்கிய வழக்கம் ஒன்றும் உண்டு. நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்காக அவர்கள் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். இன்று உம் மகள் வந்தாள், இன்று முதன்முறையாகக் கண் விழித்தீர் என்று நாள்தோறும் எழுதி, பிழைத்தெழுந்தவரிடம் அதை ஒப்படைக்கிறார்கள். இப்பிரிவிலிருந்து மீண்ட பலரைப் பயங்கரக் கனவுகளும் குழப்பமான நினைவுகளும் வாட்டுவதுண்டு. ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடத்தப்பெற்று 2010-இல் வெளியான ஆய்வில், நாட்குறிப்புப் பெற்றவர்களுக்கு இத்தகைய மனத்துயர் பாதிக்கும் குறைவாகவே ஏற்பட்டது தெரியவந்தது. உடலைக் காப்பதோடு நில்லாமல் உள்ளத்தையும் காக்க முயலும் இவர்களை எவ்வாறு பாராட்டுவது?

மார்க்கத்தின் தீர்ப்பு

இனி, அந்த மகனின் கேள்விக்கு வருவோம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மருந்தில்லாத நோயை, முதுமையைத் தவிர, இறைவன் இறக்கவில்லை என்றும் கூறினார்கள். ஆகவே பிழைக்கும் நம்பிக்கை இருக்கும்வரை கருவியின் உதவியை நாடுவது தவக்குலுக்கு மாறானது அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல்.

மூளை முற்றாகச் செயலிழந்துவிட்ட நிலை வேறு. 1986-இல் அம்மான் நகரிற் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹு கழகம் இதனை ஆராய்ந்தது. மூளையின் எல்லாச் செயல்களும் முழுமையாக நின்று, அது மீளாது என்று தேர்ந்த மருத்துவர்கள் முடிவு செய்துவிட்டால், இதயம் போன்ற உறுப்புகள் கருவியால் இயங்கிக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என்று தீர்மானித்தது. மறு ஆண்டு மக்காவிற் கூடிய ஃபிக்ஹுக் குழுவும் மூன்று வல்லுநர்கள் முடிவு செய்தால் கருவியை அகற்றலாம் என்றது. ஆயினும் கருவியை எடுத்த பின் மூச்சும் இதயமும் முற்றாக நிற்கும் வரையில் மரணத்துக்குரிய சட்டங்கள் நடைமுறைக்கு வாரா என்று அது கூறிற்று. இவ்வளவில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கருவியை அகற்றலாம் என்பதில் இரு குழுவினரும் ஒன்றுபடுகின்றனர்.

அந்தப் பெரியவரின் நிலை மூன்றாவது வகை. மூளை மாளவில்லை; ஆனால் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. குணம் உறுதியில்லாத மருத்துவம் விரும்பத்தக்கதேயன்றி ஃபர்ளு அன்று என்பது நம் ஃபிக்ஹு நூல்களிற் காணப்படும் கருத்து. நோயைத் தீர்க்காது, சாவை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவது கொலையாகாது. அங்கே உயிரை எடுப்பது நோயே. நோயை அனுப்பியவன் இறைவனே. ஆனால் உயிரை முடிக்கும் நோக்குடன் ஊசி போடுவது அறவே கூடாது. அது ஹராம். வலியைத் தணித்தலும், வாயை நனைத்தலும், உடலைத் தூய்மையாக வைத்தலும் இறுதி மூச்சு வரை நிறுத்தப்படலாகாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2018-இல் வழங்கிய தீர்ப்பில், மீள வழியற்ற நோயாளிக்கு உயிர்நீட்டிப்புச் சிகிச்சையை நிறுத்த அனுமதித்து, மருத்துவக் குழுக்களின் ஒப்புதலை அதற்கு நிபந்தனையாக்கியுள்ளது.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் கூறினேன். "முடிவைத் தனியே சுமக்காதீர். உம் தாயாரையும் உடன்பிறந்தாரையும் கூட்டி, மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளும். எந்தெந்த உறுப்புகள் எந்நிலையில் உள்ளன? பிழைக்க வழியுண்டா? இந்தச் சிகிச்சை நோயைத் தீர்க்குமா, நாட்களை மட்டும் நீட்டுமா? விடை கிடைத்த பின் இஸ்திகாராத் தொழுதுவிட்டு முடிவு செய்யும்" என்றேன்.

நாம் செய்ய வேண்டியவை

இந்த அறை என்றேனும் நம் வீட்டாரில் ஒருவரை அழைக்கக்கூடும். அன்று தடுமாறாதிருக்கச் சிலவற்றை இன்றே மனத்திற் கொள்வோமாக.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வோருக்காக எழுபதாயிரம் வானவர்கள் துஆச் செய்வதாக நபிமொழி உண்டு. எனினும் கூட்டமாகச் சென்று வாயிலை அடைப்பதும், தடுக்கும் செவிலியரிடம் சண்டையிடுவதும் நோயாளிக்கே தீங்காகும். குறைந்த நேரம், தாழ்ந்த குரல், நிறைந்த துஆ இவையே நலம் விசாரிப்பதன் ஒழுக்கம். பணத்துக்காகவே கருவியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதைப் பரப்புவதும் தகாது. ஐயம் எழுந்தால் நேரிற் கேட்டுத் தெளிய வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்தை நாடவும் நமக்கு உரிமையுண்டு.

நினைவோடு இருக்கும் நோயாளி தண்ணீரைப் பயன்படுத்த இயலாவிட்டால் தயம்மும் செய்து, படுத்த நிலையிற் சைகையால் தொழலாம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கடன்களையும் அமானிதங்களையும் நலமாக இருக்கும் நாளிலேயே வஸிய்யத்தாக எழுதி வையுங்கள். இறுதி வேளையில் உம் கருத்து யாது என்பதையும் மக்களிடம் சொல்லி வைப்பீராக. சொல்லாமற் போன ஒரு தந்தையின் மகன்தான் அன்றிரவு பள்ளிவாசற் படியில் நின்று கலங்கினார்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் மக்கள் இத்துறையைக் கற்க முன்வர வேண்டும். மருத்துவம் கற்போர் ஊரில் ஒருவரும் இல்லையென்றால் ஊரே குற்றவாளியாகும் என்னும்படியான ஃபர்ளு கிஃபாயா அது என்று இமாம் ஙஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் வரையறுத்துள்ளனர். செவிலியர் தொழிலைத் தாழ்வாகக் கருதி நம் பெண்களைத் தடுப்போர், பெருமானாரின் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் நின்றதை மறந்தவர்கள்.

அந்தக் குடும்பத்தார் கூடிப் பேசினர். மறுநாள் அஸருக்குப் பின் கருவி அகற்றப்பட்டது. அதற்கு முன் அந்தச் செவிலிப் பெண் மகனிடம், "உங்கள் வழக்கப்படி எந்தத் திசை நோக்கிப் படுக்க வைக்க வேண்டும்?" என்று கேட்டார். பிறகு தாமே கட்டிலைத் திருப்பினார். "காதருகிற் பேசுங்கள்" என்றார். மகன் குனிந்து தந்தையின் செவியிற் கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மஃரிபுக்குச் சற்று முன் மூச்சு அடங்கிற்று. அப்போதும் அப்பெண் கட்டிலருகே நின்றிருந்தார்.

அருகிருப்பது ஓர் அமல். அதனைத் தொழிலாக ஏற்றவர்களை மதிப்பதும், அவர்களுக்காக இறைவனிடம் இறைஞ்சுவதும் நம் கடமை. யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், விழித்திருந்து அவர்களைக் காப்போருக்கு நற்கூலியையும், முடிவெடுக்க வேண்டிய வேளையில் எங்கள் உள்ளங்களுக்குத் தெளிவையும் அருள்வாயாக! எங்கள் இறுதி மூச்சைக் கலிமாவுடன் நிறைவு செய்வாயாக! ஆமீன்.